மார்கழியில் கோயிலும் நடையும் உறவினர் வீடும்: முதல் முறையாகத் திட்டமிடுகிறவர்களுக்கு

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதே எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிடும். இந்த வருடம் மாதம் முழுக்க விடியற்காலை கோயிலுக்குப் போக வேண்டும், நடைப்பயிற்சியை விடக் கூடாது, சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பா குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும், இரண்டு கச்சேரியாவது கேட்க வேண்டும், பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். முதல் நான்கு நாள் எல்லாம் நடக்கும். ஐந்தாம் நாள் தொண்டை கட்டும். பத்தாம் நாள் அலாரம் அடிப்பதே காதில் விழாது.

வேலைக்காகச் சென்னைக்கு வந்து தனியாக வீடு எடுத்தவர்கள், கல்யாணமாகி முதல் மார்கழியைப் பார்க்கிறவர்கள், இத்தனை வருடம் அம்மா பார்த்துக்கொண்டதை இப்போது தாங்களே பார்க்க வேண்டியவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையைச் சேர்ந்தவை. மதுரையிலோ கும்பகோணத்திலோ இருந்தால் கோயில் இன்னும் பக்கத்தில் இருக்கும், அலைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்கழித் திட்டம் எதுவும் காலையில் கெடுவதில்லை, முந்தின ராத்திரியே கெட்டுவிடுகிறது. எழுந்திருப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், படுப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கீழே வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

முதலில் காலண்டர்

தினசரிக் காலண்டரையோ பஞ்சாங்கத்தையோ எடுத்து உட்காருங்கள். மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறந்து ஜனவரி 13 அல்லது 14 வரை போகும். இதில் நகர்த்த முடியாத நாட்களை முதலில் குறியுங்கள்: வைகுண்ட ஏகாதசி, திருவாதிரை, அனுமன் ஜெயந்தி, மார்கழி 27-ஆம் நாளான கூடாரவல்லி, போகி, பொங்கல். வைகுண்ட ஏகாதசி ஒரு வருடம் டிசம்பர் கடைசியில் வரும், இன்னொரு வருடம் ஜனவரியில் வரும். போன வருட நினைப்பில் லீவு போடாதீர்கள். ஏகாதசி முடிந்து மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் திருவாதிரை, அதாவது ஆருத்ரா தரிசனம் வந்துவிடும். அதாவது ஒரு ராத்திரி கண்விழித்த களைப்பு தீர்வதற்குள் இன்னொரு விடியற்காலை அபிஷேகம். நடுவில் உள்ள நாட்களில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, மற்றவர்கள் கையில் இருக்கும் தேதிகள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு டிசம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி முடியும், புத்தாண்டு வரை விடுமுறை. வெளிநாட்டு உறவினர்கள் வருவதும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில்தான். அலுவலகத்தில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள், அவர்கள் வேலையும் உங்கள் தலையில் விழும். ஆக, டிசம்பர் 22-லிருந்து ஜனவரி 2 வரை இடுக்கமான காலம். மார்கழியின் முதல் வாரமும் ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு வரும் நாட்களும் கொஞ்சம் மூச்சு விடலாம். மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை என்பது பெரிய நிம்மதி. தை பிறந்ததும் பத்திரிகையோடு வருவார்கள், அது வேறு கணக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதை மார்கழி பிறக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. ஜனவரி 13 ராத்திரி கிளம்ப வேண்டுமென்றால் நவம்பர் 14 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். கிடைக்காதவர்களுக்குச் சிறப்புப் பேருந்துகள் இருக்கின்றன. தென் மாவட்ட வண்டிகள் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. நகரத்துக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேரவே பொங்கல் கூட்டத்தில் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்தச் சாயங்காலத்தை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

படுக்கையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சென்னையில் மார்கழி முழுக்கச் சூரியன் 6.20-க்கும் 6.35-க்கும் நடுவில்தான் உதிக்கிறது. கோயில்களில் திருப்பள்ளியெழுச்சி அதற்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். நாலேமுக்காலுக்கு எழுந்து, குளித்து, ஐந்தரைக்குக் கோயிலில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். அப்படியானால் ராத்திரி ஒன்பதே முக்காலுக்குள் கண் மூடியாக வேண்டும். ஒன்பதே முக்காலுக்குத் தூங்க வேண்டுமென்றால் எட்டு மணிக்குச் சாப்பாடு முடிய வேண்டும், ஒன்பதுக்குக் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட வேண்டும்.

இது முடியாத வேலையில் இருக்கிறீர்களா? ராத்திரி பத்து மணிக்கு அமெரிக்கக்காரரோடு கூட்டமா? அப்படியென்றால் விடியற்காலைக் கோயில் உங்களுக்கு வார நாட்களில் கிடையாது. அதை இப்போதே ஒப்புக்கொண்டு சனி, ஞாயிறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்கப் போகிறேன் என்று சொல்லி ஆறு நாளில் விடுவதைவிட, எட்டு நாள் என்று சொல்லி எட்டு நாளும் போவது நல்லது. கோயில் மாலையிலும் திறந்துதான் இருக்கிறது. சாயரட்சைக்குப் போனால் சுவாமி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வழக்கமாக ஏழு மணிக்கு எழுகிறவர் முதல் தேதி திடீரென்று நாலேமுக்காலுக்கு எழுந்தால் அன்றைக்கு மட்டும் ஜெயிப்பார். மார்கழிக்கு ஒரு வாரம் முன்பே தினமும் பதினைந்து இருபது நிமிடம் முன்னால் படுத்து முன்னால் எழுந்து பழகுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் காபியை நிறுத்துங்கள். இந்த இரண்டாவது யோசனைக்கு எங்கள் வீட்டிலேயே ஆதரவு இல்லை.

ஒரே ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளலாம்: ஒரு ராத்திரி பத்தரையைத் தாண்டிவிட்டால், மறுநாள் விடியற்காலைக் கோயில் தானாகவே மாலைக்கு மாறும். அலாரத்தை அப்போதே மாற்றிவிட்டுப் படுங்கள். “பார்க்கலாம், எழுந்தால் எழுகிறேன்” என்று விட்டால் தூக்கமும் கெடும், மனசும் கெடும்.

காலை: கோயிலுக்கு நடந்து போங்கள்

இதுதான் இந்த மாதத்தின் பெரிய வசதி. பூங்காவுக்கு ஒரு தடவை, கோயிலுக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை கிளம்ப வேண்டாம். வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிடத்தில் வரும் ஒரு கோயிலைத் தேர்ந்தெடுங்கள். பெரிய கோயிலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் விசேஷம்தான், ஆனால் வண்டி எடுத்து, நிறுத்த இடம் தேடி, வரிசையில் நிற்பது வாரத்துக்கு ஒரு நாளுக்குச் சரி. தினசரிக்குத் தெருமுனைப் பிள்ளையாரும் பக்கத்துப் பெருமாளும் போதும்.

போக இருபது, வர இருபது என்றால் நாற்பது நிமிடம். வாரத்தில் நான்கு நாள் போனால் 160 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது. ஒருமுறையில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தார்கள், 2020-இல் வந்த பரிந்துரையில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கடைக்கு நடந்த ஏழு நிமிடமும் சேரும்.

ஆனால் வேகம் முக்கியம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகத்துக்கு அடையாளம். போகிற வழியில் பாசுரத்தை வாய்விட்டுப் பாடிக்கொண்டே போக முடிகிறதென்றால் நீங்கள் மெதுவாக நடக்கிறீர்கள் என்று அர்த்தம். இதே காரணத்தால் பஜனை கோஷ்டியோடு மாடவீதி சுற்றுவதை நடைக்கணக்கில் எழுதாதீர்கள். மயிலாப்பூரில் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மார்கழி பஜனை புகழ்பெற்றது, இன்றும் அந்த வீதிகளில் கோஷ்டிகள் போகின்றன. அனுபவிக்க வேண்டிய விஷயம். ஆனால் அடிக்கொரு தரம் நின்று நின்று போகும் நடை அது. பக்திக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சில நடைமுறைகள். ஆறு மணிக்கு முன்னால் இருட்டாகத்தான் இருக்கும். வெளிர் நிற உடை போடுங்கள், நடைபாதை இல்லாத தெருவில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடங்கள். தெரு நாய்கள் அதிகம் உள்ள வழியை முந்தின நாள் பகலிலேயே பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். தனியாகப் போகத் தயங்கும் பெண்கள் அதே கட்டடத்தில் யார் போகிறார்கள் என்று கேட்டால் கட்டாயம் ஒரு மாமியாவது இருப்பார், அவர் உங்களைவிட வேகமாக நடப்பார். கழற்றி மாட்டச் சுலபமான ஷூ போதும், கயிறு கட்டும் ஷூவோடு கோயில் வாசலில் குனிந்து நிற்பது தொல்லை. வீட்டை விட்டு இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் பனியில் மஃப்ளரோ துண்டோ இல்லாமல் இறங்க வேண்டாம், இருமல் இழுத்தால் அன்றைக்கு ஏழு மணிக்கு மேல் நடக்கலாம். நீராடுவது என்றால் பச்சைத் தண்ணீர்தான் என்று எங்கேயும் இல்லை. வெந்நீர் போதும்.

பிரசாதம் பற்றி ஒரு வார்த்தை. தினமும் வெண்பொங்கல் அல்லது சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும், நெய் தாராளமாக இருக்கும். ஒரு தொன்னை. இரண்டாவது தொன்னை வீட்டில் இருப்பவருக்கு என்று சொல்லி வாங்கி வழியிலேயே சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நெய்யும் பாலும் வேண்டாம் என்று நோன்பு ஆரம்பிக்கிறது, 27-ஆம் பாசுரத்தில்தான் முழங்கை வழிய நெய் வருகிறது. கூடாரவல்லி அன்றைக்கு அக்காரவடிசிலை வஞ்சனையில்லாமல் சாப்பிடுங்கள். மற்ற நாட்களில் கொஞ்சம் பொறுங்கள்.

கோயிலுக்குப் போக முடியாத நாளில் வீட்டில் ஒரு பாட்டு. திருப்பாவை முப்பது, நாளுக்கு ஒன்று. மாதம் 29 நாளாக அமைந்தால் கடைசி இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். சிவன் கோயில் பக்கம் போகிறவர்களுக்குத் திருவெம்பாவை இருபதும் திருப்பள்ளியெழுச்சி பத்துமாக அதே முப்பது. பொருளோடு படித்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. வழிபாட்டுக்கு அன்றைக்கு அதுவே போதும். நடையை மட்டும் மாலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தசைக்கான பயிற்சியை மறந்துவிடாதீர்கள். வாரம் இரண்டு நாள், பதினைந்து நிமிடம், குக்கர் விசில் வரும் வரை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது. ஜிம்முக்குப் பணம் கட்டியவர்கள் இந்த மாதம் இரண்டு நாளாகக் குறைத்து மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே சேர்த்த பலத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் குறைந்த பயிற்சியே போதும். பயப்பட வேண்டாம். இருபது புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் குந்தி உட்கார்வதைப் பற்றி யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்களுக்கு மட்டும்: பம்பையிலிருந்து சன்னிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர் ஏற்றம். சமதரை நடை அதற்குப் போதாது. விரத நாட்களிலேயே வாரம் மூன்று தடவையாவது மாடிப்படி ஏறிப் பழகுங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ ஏற்கெனவே இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டே இருமுடி கட்டுங்கள்.

விரத நாளும் கண்விழிக்கும் ராத்திரியும்

ஏகாதசிக்கு எப்படி இருக்கப் போகிறீர்கள் என்பதை முந்தின நாளே முடிவு செய்யுங்கள். முழுப் பட்டினியா, பால் பழமா, அரிசி மட்டும் தவிர்த்து ஒருவேளைப் பலகாரமா? முதல் முறை இருப்பவர்கள் பால் பழத்தோடு ஆரம்பிக்கலாம். தண்ணீர் குடிக்கத் தடையில்லாத விரதமென்றால் நிறையக் குடியுங்கள். அன்றைக்கு ஜிம், ஓட்டம் எதுவும் வேண்டாம், மெல்ல நடக்கலாம். மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று சேர்ப்பது வழக்கம். அளவாகச் சாப்பிடுங்கள். பட்டினிக்கு ஈடு கட்டுகிற மாதிரி மூன்று வகைப் பாயசத்தோடு சாப்பிட்டால் அன்று முழுக்க வயிறு மந்தமாகக் கிடக்கும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. இதில் சமரசமே இல்லை. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சோதிக்கும் கருவி கையில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்கவே வேண்டாம். விரதம் முறிந்தால் முறியட்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், மருந்து சாப்பிடும் முதியவர்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தப் பெரியவரும் கேட்கப் போவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையை விரதம் என்று சொல்லி நிறுத்தாதீர்கள்.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடிக்கொண்டே கண்விழிப்பது பழைய பழக்கம், பிள்ளைகளுக்கு அதைவிட சந்தோஷம் கிடையாது. விடியற்காலை சொர்க்கவாசல் திறக்கும்போது கூட்டம் நெருக்கியடிக்கும். கைக்குழந்தையோடும் முழங்கால் வலி உள்ள பாட்டியோடும் அந்த நேரத்தில் போக வேண்டாம். அன்று பிற்பகலில் போங்கள். திருவரங்கத்தில் பகல்பத்து முடிந்து ஏகாதசியில் தொடங்கும் இராப்பத்து நாட்களிலும் வாசல் திறப்பு உண்டு. அவசரமில்லாதவர்கள் அதற்குப் போகலாம். கண்விழித்த மறுநாள் காலை இரு சக்கர வண்டி ஓட்டாதீர்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசை அன்றைக்கு உண்டியலில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் வீடு

மூன்றில் கடினம் இதுதான். கோயில் ஓரிடத்தில் இருக்கிறது, நடை உங்கள் கையில் இருக்கிறது. உறவினர்கள் இரண்டுக்கும் கட்டுப்பட மாட்டார்கள்.

ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். கட்டாயம் போக வேண்டியவை, போனால் நன்று, தை மாதத்துக்குத் தள்ளலாம் என்று மூன்று பிரிவு. முதல் பிரிவில் முதலில் வர வேண்டியது உடம்பு முடியாத பெரியவர்கள். அடுத்து, அந்த வருடம் துக்கம் நடந்த வீடுகள். அவர்களுக்குப் பண்டிகை இல்லை, ஆகவே பொங்கலுக்கு யாரும் வராமல் தனியாக இருப்பார்கள். பொங்கலுக்கு முன்னாலேயே ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இனிப்பு வேண்டாம், பழம் போதும். புதிதாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த வீடுகளைத்தான்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விஷயம் வேறு. அவர்களை ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடக் கூப்பிட்டால் அவர்களுக்கும் திண்டாட்டம், நமக்கும் திண்டாட்டம். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு பதார்த்தம். ராத்திரி விருந்து வேண்டவே வேண்டாம். பத்து மணிக்குப் பேச்சு சூடு பிடிக்கும், அப்புறம் பதினொன்றரைக்கு ஒரு காபி. மறுநாள் காலை போயிற்று.

ஒரு நாளைக்கு ஒரு வீடு. “அப்படியே பக்கத்தில்தானே” என்று இரண்டாவது வீட்டைச் சேர்ப்பதில்தான் எல்லாம் சரிகிறது. மாலை நாலு மணி சரியான நேரம், டிபன் நேரம். முன்கூட்டியே போன் செய்து கிளம்பும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

“அத்தை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரோம். ஆறரைக்குக் கிளம்பிடுவோம்.”

“அதெப்படி, வந்துட்டு சாப்பிடாமப் போவீங்களா?”

“இல்லத்தை, காலையில கோயிலுக்குப் போகணும். சீக்கிரம் படுத்தாத்தான் எழுந்திருக்க முடியும்.”

“அப்படியா, சரிம்மா. ஆறு மணிக்கே அடை வார்த்துடறேன்.”

இந்த உரையாடலைக் கவனியுங்கள். இதே இடத்தில் “காலையில ஜிம்முக்குப் போகணும்” என்று சொல்லியிருந்தால் ஒரு கிண்டல் வரும், கூடவே இன்னொரு அடையும் வரும். கோயில் என்று சொன்னால் எந்த அத்தையும் மறுக்க மாட்டார். உண்மையாகவே கோயிலுக்கும் போகிறீர்கள், நடந்தும் போகிறீர்கள், பொய் எதுவும் இல்லை. மார்கழி கொடுக்கும் இந்தச் சலுகையைத் தை பிறப்பதற்குள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் நல்ல வழி, பார்க்க வேண்டியவரையே காலையில் கோயிலுக்கு வரச் சொல்வது. பெரியப்பா பக்கத்துப் பேட்டையில் இருந்தால் “சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயிலில் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். தரிசனம், பிரசாதம், பிரகாரத்தில் அரை மணி பேச்சு, திரும்பும் வழியில் ஒரு காபி. ஏழரைக்கு எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் சமையல் வேலை இல்லை. வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் விருந்தினருக்கும் இதே யோசனைதான். அவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள், வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். விருந்தாளி தூங்கும்போது நாம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறோம்?

புதிதாகக் கல்யாணமானவர்கள் இரண்டு வீட்டையும் டிசம்பர் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். தலைப்பொங்கல் எந்த வீட்டில், சீர் எப்போது வரும், போகிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். திருநெல்வேலிப் பக்கத்தில் பொங்கப்படி என்னும் பொங்கல் சீரைக் கொண்டுவர என்றே மாமனார் வீட்டார் கிளம்பி வருவார்கள். நீங்கள் அன்றைக்குப் பார்த்து வெளியே போயிருந்தால் அடுத்த பொங்கல் வரை பேச்சு ஓயாது. இந்தக் கேள்வியைக் கணவர் தன் வீட்டிலும் மனைவி தன் வீட்டிலும் கேட்பது நல்லது, மாற்றிக் கேட்டால் வேறு அர்த்தம் வந்துவிடும்.

பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் இருந்தால் 25-ஆம் தேதி மதியத்துக்கு மேல் போங்கள். அவர்கள் முந்தின நாள் நள்ளிரவு ஆராதனைக்குப் போய்வந்த களைப்பில் இருப்பார்கள்.

கச்சேரி

சபாக்களின் மாலைக் கச்சேரி முடிந்து, கேன்டீனில் சாப்பிட்டு, வீடு வந்து சேரப் பத்தரை ஆகிவிடும். மேலே சொன்ன விதிப்படி மறுநாள் காலை போயிற்று என்று வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். மாதத்தில் இரண்டு மூன்று அப்படிப் போகலாம். மற்றபடி மதியக் கச்சேரிகளுக்குப் போங்கள். பல சபாக்களில் டிக்கெட் கிடையாது, இளைய கலைஞர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள், சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

எதை முதலில் விடுவது

எல்லாம் ஒன்றாக வந்து விழும் வாரம் ஒன்று கட்டாயம் இருக்கும். அப்போது உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது, ஆகவே இப்போதே ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கச்சேரி போகட்டும். அடுத்து இரண்டாம் பிரிவு உறவினர்கள். அதற்கடுத்து, நாற்பது நிமிட நடை பத்து நிமிடமாகச் சுருங்கட்டும், கோயில் வீட்டுப் பூஜை அறையாக மாறட்டும். தூக்கத்தில் கை வைக்காதீர்கள். உடம்பு முடியாத பெரியவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சி குடித்துப் படுங்கள். விட்டுப்போன நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பு நடை, இரண்டு கோயில் என்று ஆரம்பிக்க வேண்டாம்.

போகி காலை நடக்கப் போகாதீர்கள். பனியும் புகையும் சேர்ந்து நிற்கும், சென்னையில் விமானங்களே தாமதமான வருடங்கள் உண்டு. அன்றைக்கு வீடு துடைப்பதே போதுமான உடற்பயிற்சி. பரண் மேல் ஏறுகிறவர்கள் ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் நடக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்குப் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வாருங்கள், தைக்குத் தள்ளிய மூன்றாம் பிரிவில் பாதி அன்றே முடிந்துவிடும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு இந்த மார்கழி நடைதான் ஒத்திகை. நாற்பது நிமிடத்தில் ஆரம்பித்து, ஞாயிறுகளில் மட்டும் ஒரு மணி, ஒன்றரை மணி, இரண்டரை மணி என்று ஏற்றுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். ஒரு தடவை அதைச் சுற்றிவந்து மறுநாள் கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், யாத்திரையில் ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். வெறுங்காலோடு நடப்பவர்கள் இப்போதிருந்தே மொட்டை மாடியில் வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்குங்கள். செருப்போடு நடப்பவர்கள் அதே பழைய செருப்பையே போட்டுக்கொள்ளுங்கள், கிளம்புகிற அன்றைக்குப் புதுசு வாங்கினால் முதல் நாளே கொப்புளம் வரும். ராத்திரியில் நடந்தால் பையின் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், கூட்டத்தோடு சாலையின் ஓரமாகவே நடங்கள்.